சீனியர்கள் போன பிறகும் சங்கம் இருக்க

சென்ற இதழில் இந்தச் சட்டக் கேள்வி-பதில் பகுதியில் வாடகை ஒப்பந்தம் பற்றிய கேள்விக்குப் பதில் எழுதும்போது, கல்லூரி நாளில் மாணவர் சங்கக் கிளைச் செயலாளராக இருந்தேன் என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். வாடகை விஷயத்தைவிட அந்த ஒரு வரிக்குத்தான் அதிகக் கடிதங்கள் வந்திருக்கின்றன. அதனால் இந்த முறை சொத்து, ஜீவனாம்சம், காசோலை வழக்கு எல்லாவற்றையும் தள்ளிவைத்துவிட்டு இந்தக் கடிதங்களுக்கே பதில் சொல்கிறேன். ஒவ்வொரு கடிதத்தின் கீழும் என் பதில்.

அக்கா, தென்மாவட்டத்தில் ஒரு பல்கலைக்கழகத்தில் எம்.ஏ. முதலாண்டு படிக்கிறேன். கொரோனாவுக்கு முன்பு இங்கே பலமாக இருந்த மாணவர் சங்கம் இப்போது பெயருக்குத்தான் இருக்கிறது. வாட்ஸ்ஆப் குழுவில் 212 பேர். கூட்டம் போட்டால் வந்தது ஆறு பேர். அதில் இரண்டு பேர் என் அறைத்தோழர்கள். எங்கிருந்து தொடங்குவது?

தம்பி, அந்த 212-ஐ இன்றோடு மறந்துவிடு. வந்த ஆறு பேர்தான் உன் சங்கம்.

முதலில் என்ன நடந்தது என்று புரிந்துகொள். உனக்கு முன்னால் இருந்தவர்கள் யாரும் சோம்பேறிகள் இல்லை. 2020 மார்ச்சில் வளாகங்கள் மூடப்பட்டன. அந்த ஆண்டு சேர்ந்தவர்கள் முதல் வருடப் பாடத்தைக் கைப்பேசியில் படித்தார்கள். அவர்கள் ஒருவழியாக விடுதிக்குள் காலடி வைத்தபோது, "வாடா, ஒரு கூட்டம் இருக்கு" என்று கையைப் பிடித்து இழுத்திருக்க வேண்டிய சீனியர்கள் டி.சி. வாங்கிக்கொண்டு போயிருந்தார்கள். ஆலைத் தொழிற்சங்கத்தில் முப்பது வருடம் ஒரே ஆள் இருப்பார். எந்த வேலைநிறுத்தம் எந்த வருடம், யார் காட்டிக்கொடுத்தார், யார் கடைசிவரை நின்றார் என்பதெல்லாம் அவர் வாயிலிருந்து வரும். கல்லூரியில் இளங்கலை மூன்று வருடம், முதுகலை இரண்டு வருடம். ஒரே ஒரு செட் கை நழுவினால் போதும், சங்கத்தைக் கண்ணால் பார்த்தவர்களே இல்லாமல் போய்விடுவார்கள். உங்களுக்கு நடந்தது அதுதான். எங்களுக்கும் நடந்தது.

1995-இல் ஒரு அரசு கலைக் கல்லூரியில் நான் பி.ஏ. வரலாறு இரண்டாமாண்டு. எங்கள் கிளையின் மொத்தச் சொத்தும் கல்லூரிக்கு எதிரே தையல் கடை வைத்திருந்த ஓர் அண்ணனிடம் ஒரு தகர டிரங்குப் பெட்டியில் இருந்தது. முந்தைய செயலாளர் படிப்பு முடிந்து வேலைக்குப் போய்விட்டார், சாவியும் அவரோடு போய்விட்டது. தையல்கார அண்ணனே பூட்டை உடைத்துக் கொடுத்தார். உள்ளே இரண்டு கொடி, காய்ந்து கட்டியாகிப்போன காவி பெயிண்ட் அரை டப்பா, ஒரு பிரஷ், 100 ரசீது கொண்ட புத்தகம் ஒன்று. அதில் 63 ரசீது கிழிக்கப்பட்டிருந்தது. அடிக்கட்டையில் தொகை இருந்தது, பெயர் இல்லை. கூட்ட முடிவுகளை எழுதிவைக்கும் மினிட் புத்தகம் இல்லை. யார் அந்த 63 பேர் என்று கேட்க ஆளும் இல்லை. நாங்கள் நான்கு பேர் அந்தப் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்திருந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது.

முதல் இரண்டு மாதம் எங்களுக்குத் தெரிந்ததைச் செய்தோம். உலக வர்த்தக அமைப்பு அந்த ஜனவரியில்தான் தொடங்கியிருந்தது. அதைக் கண்டித்து நோட்டீஸ் போட்டோம், வாயிற்கூட்டம் நடத்தினோம். சொன்ன விஷயம் சரி, இன்றும் அதை மாற்றிச் சொல்ல மாட்டேன். ஆனால் நின்று கேட்க ஆளில்லை.

ஆகஸ்டில் உதவித்தொகை விண்ணப்பம் வந்தது. அப்போதெல்லாம் சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல் எல்லாவற்றின் நகலிலும் கெஜட்டட் அதிகாரி ஒருவர் சான்றொப்பமிட வேண்டும். கிராமத்திலிருந்து வரும் பிள்ளைக்கு எந்த அதிகாரியைத் தெரியும்? ஆபீஸ் வாசலில் நின்று நின்று கடைசி தேதி போய்விடும். எங்களில் ஒருத்தி, கால்நடை டாக்டரும் கெஜட்டட் அதிகாரிதான் என்று கண்டுபிடித்துச் சொன்னாள். 31 பேருடைய படிவங்களைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு காலை எட்டு மணிக்குக் கால்நடை மருத்துவமனைக்குப் போனோம். டாக்டர் ஒரு மாட்டுக்கு ஊசி போட்டுவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு வந்தார். ஒவ்வொரு அசலையும் நகலோடு ஒத்துப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார். ஆளுக்கு நான்கு நகல், மொத்தம் 124 கையெழுத்து. நடுவில் பச்சை மை தீர்ந்துபோய் கம்பவுண்டர் புட்டியோடு ஓடி வந்தார். கன்றுக்குட்டியைப் பிடித்துக்கொண்டு வரிசையில் நின்ற ஒரு பெரியவர், "பிள்ளைங்க வேலை முடியட்டும்" என்று ஓரமாக உட்கார்ந்துவிட்டார். அவர் முகம் மறக்கவில்லை.

அன்று மாலை அந்த 31 பேரின் பெயரையும் ஒரு நீள நோட்டில் எழுதினோம். பெயர், துறை, ஊர், விடுதியா டே ஸ்காலரா, அவர் சொன்ன வேறு பிரச்சினை என்ன. அடுத்த கூட்டத்துக்கு 19 பேர் வந்தார்கள்.

இன்று பச்சை மை இல்லை. வேறு தடை இருக்கிறது. வங்கிக் கணக்கோடு ஆதார் சரியாக இணையாததால் பணம் வராமல் கிடக்கும் பிள்ளைகள் உன் வளாகத்திலும் இருப்பார்கள். புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1000 ரூபாய்க்குத் தகுதி இருந்தும் விண்ணப்பத்தில் சிக்கல் என்று சும்மா இருப்பவர்கள் உங்கள் பக்கத்து இளங்கலைக் கல்லூரிகளில் இருப்பார்கள். ஆறு பேரும் ஆளுக்கு ஒரு விடுதித் தளத்தைப் பிரித்துக்கொண்டு அறை அறையாகப் போங்கள். கட்சி பேச வேண்டாம், சும்மா கேளுங்கள். கேட்டதை நோட்டில் எழுதுங்கள். வாட்ஸ்ஆப் குழு தேதியும் நேரமும் சொல்வதற்கு உதவும். ஆள் சேர்ப்பது அறை வாசலில்தான்.

ஆனால் அதோடு நின்றுவிட்டால் நீ நடத்துவது இ-சேவை மையம். பணம் ஏன் தாமதமாகிறது என்ற கேள்விக்குப் போக வேண்டும். 2005-ஆம் வருட தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தில் மனுப் போடு. இந்த ஆண்டு உதவித்தொகை நிதி பல்கலைக்கழகத்துக்கு எந்தத் தேதியில் வந்தது, மாணவர் கணக்குக்கு எந்தத் தேதியில் போனது என்று இரண்டே கேள்வி. 30 நாளில் பதில் தர வேண்டும். தராவிட்டால் மேல்முறையீடு. பதிலில் வரும் இரண்டு தேதிகளுக்கு நடுவில் எத்தனை மாதம் இருக்கிறதோ, அதுதான் உன் அடுத்த நோட்டீஸ். அந்த நோட்டீஸை நின்று படிப்பார்கள்.

2013-லும் 2017-லும் மாணவர்கள் எந்தச் சங்கமும் இல்லாமல் தானாகவே திரண்டார்களே, பிறகு சங்கம் எதற்கு?

அந்த இரண்டையும் நான் மதிக்கிறேன். 2013 மார்ச் 8 அன்று லயோலா கல்லூரி மாணவர்கள் எட்டுப் பேர் ஈழத் தமிழர்களுக்காக உண்ணாவிரதம் உட்கார்ந்தார்கள். அது தமிழ்நாடு முழுக்கப் பற்றிக்கொண்டு, அந்த மாதமே கல்லூரிகளைக் காலவரையின்றி மூடும் நிலைக்கு அரசு வந்தது. 2017 ஜனவரியில் மெரினாவில் திரண்ட கூட்டம் ஜல்லிக்கட்டுக்கு அவசரச் சட்டம் வரவைத்தது. இரண்டிலும் உயிரைக் கொடுத்து நின்றவர்களை நேரில் பார்த்தேன்.

ஆனால் அவர்கள் திரும்பி வந்த வளாகத்தில் தேர்வுக் கட்டணம் கூடியபோது கேட்க யார் இருந்தார்கள்? அலை வரும்போது வரும், அது யார் கையிலும் இல்லை. நடுவில் இருக்கிற சாதாரண செவ்வாய்க்கிழமைகளில் மெஸ் பில் பற்றிப் பேச நான்கு பேர் வேண்டும். அலை வரும் நாளில் கூட்டத்தை ஒழுங்காக நடத்தவும் அந்த நான்கு பேர்தான் வேண்டும். ஒழுங்காக நடத்துவது சாதாரண விஷயம் இல்லை. இந்தி எதிர்ப்புப் போராட்டத்தின்போது, 1965 ஜனவரி 27 அன்று சிதம்பரத்தில் போலீஸ் சுட்டதில் அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் ராசேந்திரன் இறந்தார். ஊர்வலம் கூட்டிப் போகிறவர்கள் ஒவ்வொருவரும் அந்தப் பெயரை நினைத்துக்கொள்ள வேண்டும். கூட வருகிற பிள்ளைகள் அத்தனை பேரும் பத்திரமாக விடுதிக்குத் திரும்ப வேண்டும். அது நம் பொறுப்பு.

எங்கள் சங்கக் கூட்டம் எப்போதும் இரவு ஏழரை மணிக்கு டீக்கடையில் நடக்கிறது. பெண்கள் விடுதி கேட்டை ஆறரைக்குப் பூட்டிவிடுகிறார்கள். கேட்டால் "நீங்கதான் வர்றதில்லை" என்கிறார்கள். நான் துணைச் செயலாளர், பேருக்கு.

இதை எழுதியதற்கு நன்றிம்மா. எனக்கும் இதுவே நடந்தது. டீக்கடையில் முடிவெடுத்துவிட்டு மறுநாள் காலையில் வந்து சொல்வார்கள். அவர்கள் கெட்டவர்கள் இல்லை, அவர்களுக்கு அது கண்ணில் படவே இல்லை. நான் செயலாளரானதும் செய்த முதல் வேலை, கூட்டத்தை மதியம் 12.45-க்கு நூலகத்துக்குப் பக்கத்துப் புங்க மரத்தடிக்கு மாற்றியது. இரண்டு பெண்கள் இருந்த கிளையில் அந்த செமஸ்டர் முடிவதற்குள் 11 பேர் ஆனார்கள். பஸ்ஸுக்கு ஓட வேண்டிய ஊர்ப் பையன்களும் அப்போதுதான் முதல்முறையாகக் கூட்டத்துக்கு வந்தார்கள்.

அடுத்த கூட்டத்தில் இதைத் தீர்மானமாகக் கொண்டு வா. வாயால் சொல்லாதே, எழுதிக் கொடு, மினிட் புத்தகத்தில் ஏற்றச் சொல். கணக்குப் புத்தகம் உன் கையில் இருக்கட்டும். மகளிர் அணி என்று தனியாக ஒன்றை அமைத்து கோலப்போட்டி நடத்தச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதே.

இன்னொன்று. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2015 விதிமுறைப்படி, பாலியல் புகார்களை விசாரிக்கும் உள்ளகக் குழுவில், மாணவர் சம்பந்தப்பட்ட புகார் என்றால், இளங்கலை, முதுகலை, ஆய்வு நிலைகளிலிருந்து மூன்று மாணவப் பிரதிநிதிகள் இருக்க வேண்டும். அவர்கள் வெளிப்படையான ஜனநாயக முறையில் தேர்ந்தெடுக்கப்பட வேண்டும். உங்கள் வளாகத்தில் அந்த மூன்று பேர் யார்? யார் தேர்ந்தெடுத்தார்கள்? பதிவாளருக்கு எழுத்தில் கேளுங்கள். ஒரு சங்கம் உயிரோடு இருக்கிறது என்று வளாகத்துக்குத் தெரிய இதைவிட நல்ல கேள்வி எனக்குத் தெரியவில்லை.

மாவட்டக் கட்சிப் பொறுப்பாளர் ஒருவர் எங்கள் நோட்டீஸ், ஃபிளெக்ஸ் செலவை ஏற்றுக்கொள்கிறார். பதிலுக்கு மாநாட்டுக்கு இரண்டு வேன் ஆள் கேட்கிறார். என்ன செய்வது?

கட்சித் தொடர்பே தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். நான் இருந்ததும் ஒரு கட்சி சார்ந்த சங்கம்தான். 1989-லிருந்து 18 வயதில் ஓட்டுரிமை இருக்கிறது. ஓட்டுப் போடலாம், அரசியல் பேசக்கூடாது என்பது என்ன நியாயம்?

ஆனால் பணம் வேறு. வேன் ஆள் கேட்பவர், நாளைக்கு உங்கள் துணைவேந்தர் அவருடைய சொந்தக்காரராக இருந்தால், போராட்டத்தை நிறுத்தச் சொல்லியும் கேட்பார். எந்த முகத்தோடு மறுப்பீர்கள்? மாணவர் தேர்தல் பற்றி 2006-இல் லிங்டோ குழு கொடுத்த பரிந்துரைகளை உச்ச நீதிமன்றம் அந்த ஆண்டே நடைமுறைப்படுத்தச் சொன்னது. வேட்பாளர் செலவு 5000 ரூபாய்க்கு மேல் போகக்கூடாது, மாணவர்கள் விரும்பிக் கொடுக்கும் பணத்தைத் தவிர வேறு பணம் தொடக்கூடாது, அச்சடித்த போஸ்டர் கூடாது, முடிவு வந்த இரண்டு வாரத்தில் கணக்குக் காட்ட வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கிறது. அந்தக் குழுவின் சில பரிந்துரைகளோடு எனக்கு உடன்பாடு இல்லை. பணத்தைப் பற்றிச் சொன்னதோடு முழு உடன்பாடு.

மாதம் 10 ரூபாய் சந்தா வையுங்கள். 40 உறுப்பினர், பத்து மாதம், 4000 ரூபாய். கருப்பு வெள்ளை நோட்டீஸுக்குத் தாராளம். ஃபிளெக்ஸ் வேண்டாம். டெல்லி ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் (ஜே.என்.யூ.) சுவர் முழுக்கக் கையால் வரைந்த சுவரொட்டிகள் இருந்தன. இரவுச் சாப்பாடு முடிந்ததும் மெஸ்ஸிலேயே கூட்டம், சாப்பாட்டு மேசைகளில் துண்டறிக்கை. இதற்குப் பெரிய செலவில்லை. அங்கே உச்ச நீதிமன்றத் தடையால் 2008-இல் நின்ற மாணவர் பேரவைத் தேர்தல் 2012 மார்ச்சில்தான் மறுபடி நடந்தது. எம்.ஏ. இரண்டு வருடம் என்றால், தேர்தலையே பார்க்காமல் முழு செட் வந்து போயிருக்கிறது. ஆனாலும் சங்கங்கள் அழியவில்லை, மெஸ் கூட்டம் நிற்காததால்.

சந்தா கொடுப்பவர் கேள்வி கேட்பார். அதற்குத்தான் ரசீதின் அடிக்கட்டையில் பெயர் எழுத வேண்டும்.

"அரசியல் சங்கங்களுக்கு வளாகத்தில் இடமில்லை" என்று சொல்லி அரங்கம் தர மறுக்கிறார்கள். தடை செய்ய முடியுமா?

சங்கம் அமைக்கும் உரிமை அரசியலமைப்பின் 19(1)(சி) பிரிவில் இருக்கிறது. அதற்காக எல்லாச் சங்கத்துக்கும் நிர்வாகம் அங்கீகாரமும் அரங்கமும் கொடுத்தே ஆக வேண்டும் என்று ஆகாது. இந்த வித்தியாசத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். அங்கீகாரத்தை ரத்து செய்யலாம், நீங்கள் நான்கு பேர் மரத்தடியில் உட்கார்ந்து புத்தகம் படிப்பதை ரத்து செய்வது அவ்வளவு சுலபம் இல்லை.

2014 ஏப்ரல் 14 அன்று சென்னை ஐ.ஐ.டி.யில் அம்பேத்கர் பெரியார் படிப்பு வட்டம் தொடங்கினார்கள். 2015 மே மாதம், பெயரில்லாத ஒரு புகாரைத் தொடர்ந்து அதன் அங்கீகாரம் ரத்தானது. ஜூன் 7 அன்று திரும்பக் கிடைத்தது. நடுவில் நாடு முழுக்க அந்தப் பெயர் தெரிந்துவிட்டது. அவர்கள் என்ன எழுதினார்கள், என்ன பேசினார்கள் என்பதற்குத் துண்டறிக்கை கையில் இருந்தது. பேச்சு மட்டும் இருந்திருந்தால் ஆளுக்கொன்று சொல்லியிருப்பார்கள்.

ஆகவே எந்தக் கோரிக்கையும் எழுத்தில், இரண்டு பிரதி. ஒன்றைக் கொடுத்துவிட்டு இன்னொன்றில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்குங்கள். வாங்க மறுத்தால் அன்றே ஒப்புகையோடு விரைவுத் தபால் (ஸ்பீடு போஸ்ட்). நீதிமன்றத்துக்கு வரும் மாணவர் வழக்குகளில் நான் முதலில் கேட்பது இந்த முத்திரை போட்ட நகலைத்தான். பத்தில் எட்டுப் பேரிடம் இருக்காது. லிங்டோ குழு, மாணவர் பிரதிநிதிகளை நியமிக்கும் கல்வி நிறுவனங்கள் ஐந்தாண்டுக்குள் தேர்தல் முறைக்கு மாற வேண்டும் என்றும் சொன்னது. தமிழ்நாட்டின் பெரும்பாலான கல்லூரிகளில் இன்றும் பேரவைத் தேர்தல் நடப்பதில்லை. அரங்கம் கேட்கும் கடிதத்திலேயே இதையும் ஒரு பத்தி சேர்த்துவிடுங்கள்.

என் மகன் சங்கத்தில் இருக்கிறான். படிப்பு கெடுமோ, வழக்கு விழுமோ என்று பயமாக இருக்கிறது. (ஒரு தாய், திருவண்ணாமலை)

உங்கள் பயம் நியாயம் அம்மா. என் அம்மாவும் பயந்தார்கள். அரியர் இருந்தால் சங்கப் பொறுப்பு கிடையாது என்று எங்கள் கிளையில் விதி வைத்திருந்தோம். மகனுடைய சங்கத்தில் அப்படி உண்டா என்று கேளுங்கள். வழக்கைப் பற்றி மறைக்காமல் சொல்கிறேன். முதல் தகவல் அறிக்கையில் பெயர் வந்தால் அரசு வேலைக்கும் பாஸ்போர்ட்டுக்கும் போலீஸ் சரிபார்க்கும்போது சிரமம் வரும். வழக்கு இருப்பதை விண்ணப்பத்தில் மறைப்பது இன்னும் பெரிய சிக்கல். அதனால் எங்கே, எதற்குப் போகிறான் என்று உங்களிடம் சொல்லிவிட்டுப் போகச் சொல்லுங்கள். திட்டினால் சொல்ல மாட்டான். ஒரு நாள் அவன் நண்பர்களை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிடுங்கள்.

எங்கள் முன்னாள் தலைவருக்கு 31 வயது. படிப்பு முடிந்து ஆறு வருடம் ஆகிறது. இன்னும் எல்லா முடிவும் அவர்தான். மரியாதைக்காகச் சும்மா இருக்கிறோம்.

மரியாதை வேறு, பொறுப்பு வேறு. அவர் சங்கத்துக்காக அடி வாங்கியிருக்கலாம், பட்டினி கிடந்திருக்கலாம். அதற்காக அவரைக் கூப்பிட்டு மேடையில் உட்கார வைத்துப் பேசச் சொல்லுங்கள். ஆனால் இன்று மெஸ்ஸில் என்ன சாப்பாடு என்று தெரியாதவர் மெஸ் போராட்டத்தை முடிவு செய்யக் கூடாது. லிங்டோ குழுவே போட்டியிட இளங்கலைக்கு 22, முதுகலைக்கு 25, ஆய்வு மாணவருக்கு 28 என்று வயது வரம்பு வைத்தது. உங்கள் சங்க விதியில் ஒரே வரி சேருங்கள்: வருகைப் பதிவேட்டில் பெயர் இருப்பவருக்குத்தான் ஓட்டு. அப்புறம் பொறுப்பாளர் தேர்தலைப் பிப்ரவரியிலேயே நடத்திவிடுங்கள். புதிய செயலாளர் இரண்டாமாண்டாக இருக்கட்டும். பழையவர் ஊருக்குப் போவதற்கு முன் மூன்று மாதம் கூட இருந்து எல்லாவற்றையும் காட்டிக்கொடுக்க அது போதும்.

நாங்கள் அப்படித்தான் செய்தோம். 1997 பிப்ரவரியில் இரண்டாமாண்டு வேதியியல் பெண் ஒருத்தி செயலாளரானாள். ஏப்ரல் கடைசித் தேர்வு முடிந்த மதியம், தையல் கடையில் அவளை உட்கார வைத்துப் பெட்டியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினேன். மினிட் புத்தகம், கணக்குப் புத்தகம், 140 பெயர் இருந்த நீள நோட்டு, கால்நடை டாக்டரின் வீட்டு முகவரி, முத்திரை வாங்கிய கடித நகல்கள். பூட்டுக்கு இரண்டு சாவி செய்திருந்தோம். ஒன்றை அவளிடம் கொடுத்தேன், இன்னொன்றைத் தையல்கார அண்ணனிடம். அதன்பிறகு நான் அந்தக் கல்லூரிக்கு ஒரே ஒருமுறை போனேன், அடுத்த வருட ஆண்டு விழாவுக்கு, அவர்கள் அழைத்ததால். கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். மேடையில் அறிக்கை வாசித்த பையனை எனக்கு யாரென்றே தெரியவில்லை.